சீட்டில் இல்லாத குறை

மரியஅந்தோணி அனுப்பிய பார்சல் ஒன்று திரும்பி வந்தது. என் பதினோரு வருட சர்வீசில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

நீலகிரியில் எமரால்டு ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிந்து கேரட் தோட்டம் தொடங்கும் வளைவில் எங்கள் போஸ்ட் ஆபீஸ் இருக்கிறது. ஒரு அறை, ஒரு தராசு, வெளியே ஒரு பெஞ்சு. ஆடி மாதத்தில் அங்கே ரப்பர் ஸ்டாம்பின் மை காயாது, பாரங்களெல்லாம் நமுத்துப்போய் பேனா வைத்தால் கிழியும். நான் ஈரோட்டுக்காரன். இந்த மழையைத் திட்டியே பாதிச் சர்வீசைக் கழித்துவிட்டேன். மாற்றல் கேட்டு எழுதுவேன், கிடைத்தால் ஏதாவது சாக்குச் சொல்லி இங்கேயே இருந்துகொள்வேன். என் லட்சணம் அப்படி.

அதைத் திருப்பி அனுப்பியவர் வாங்கிய ஆளான கோயமுத்தூர் பாலசுப்பிரமணியம். உள்ளே என்ன என்று பிரிக்காமலே சொல்லிவிடலாம். மரியஅந்தோணிக்கு வருவதும் அவரிடமிருந்து போவதும் ஒன்றே ஒன்றுதான், பழைய காமிக்ஸ் புத்தகம். வியாழக்கிழமைதோறும் அவர் வருவார், அன்றைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். புதன்கிழமையே அவர் மனைவி ஜெஸிந்தாக்கா குடையோடு வந்து நின்றார்.

"சார், கோயமுத்தூர்ல இருந்து ஒன்னு திரும்பி வந்திருக்குமுங்களே, போன்ல சொன்னாங்க. அதை எங்கிட்டக் குடுத்துருங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஒரே வீட்டு ஆள் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பெஞ்சிலேயே உட்கார்ந்து பிரித்தார். 'சாம்பல் நரி' என்ற காமிக்ஸின் முதல் இதழ், எழுபத்தெட்டாம் வருடத்தியது. குதிரை மேல் நரி முகமூடி போட்டவன், அவன் தோளில் சிவப்புச் சால்வை. அந்தச் சிவப்பு பலமுறை துவைத்த பாவாடை மாதிரி வெளுத்திருந்தது. கூடவே ஒரு இங்கிலீஷ் காகிதம். அதைப் படித்துச் சொல்லச் சொன்னார். பழைய காமிக்ஸை வாங்கிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று நம்பர் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தருகிற கம்பெனி ஒன்று இப்போது கிளம்பியிருக்கிறது. பாலசுப்பிரமணியம் இந்தப் புத்தகத்தை அங்கே அனுப்பியிருக்கிறார். முன் அட்டை ஏதோ திரவத்தால் துடைக்கப்பட்டிருக்கிறது, வண்ணம் போயிருக்கிறது, துடைத்த புத்தகத்துக்கு நம்பர் கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

"இங்கிருந்து போறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார் அக்கா. புத்தகத்தைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவரிடமிருந்து யூகலிப்டஸ் தைல வாசனை வந்தது. இந்த மலையில் யாரிடமிருந்துதான் தைல வாசனை வராது என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தோணியண்ணன் சிலோன்காரர். பத்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். மண்டபம் முகாமில் யாரோ போட்டுவிட்டுப் போன காமிக்ஸ் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அட்டை இல்லை, கடைசி நாலு பக்கம் இல்லை. அந்த நாலு பக்கத்தைத் தேடித்தான் சேர்க்க ஆரம்பித்தேன் என்பார். இங்கே வந்து முப்பத்தாறு வருடம் டீ பேக்டரியில் சலிப்பு ரூமில் வேலை பார்த்தார். தூளைச் சல்லடையில் விட்டு, பெரிசு சிறிசு பார்த்து ரகம் பிரிக்கிற இடம். அக்காவுக்கும் அதே ரூம்தான், கறுப்புத் தூளுக்குள் கிடக்கும் சிவப்புக் குச்சியைப் பொறுக்குகிற வேலை. அவ கண்ணுக்கு ஒரு குச்சி தப்பாது என்று அண்ணனே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மகள் லிஜி கல்யாணமாகித் திருப்பூரில் இருந்தாள். ரிடையராகி வந்த பணத்தில் ரோட்டுக்குக் கீழே இரண்டு ரூம் வீடு வாங்கினார்கள். ஒரு ரூம் ஆளுக்கு, ஒரு ரூம் காமிக்ஸுக்கு.

மழைக்காலத்தில் துணி பூசணம் பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அண்ணன் வீட்டில் துணி பீரோவில் பல்பு கிடையாது, காமிக்ஸ் பீரோவில் இரண்டு எரியும். என் கல்யாணப் பட்டுல பூசணம் பூத்துக் கெடக்குது, நரிக்கு மட்டும் குளிரக் கூடாது என்று அக்கா கேலி பேசுவார். பேசிக்கொண்டே போய்ப் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டும் வருவார்.

இந்த வியாபாரத்தில் 'மலைக் காப்பி' என்று ஒரு வசவு உண்டு. மலையில் கிடந்த புத்தகத்தில் முதலில் கெடுவது தாளைத் தைத்த கம்பிப் பின். அது துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்பாக இறங்கும். பிறகு பூசணம், பிறகு ஒரு வாசனை. கோயமுத்தூர், சேலம், சென்னைக்காரர்கள் மலைக் காப்பி என்றாலே பாதி மதிப்பைக் குறைத்துவிடுவார்கள். அப்படியும் அந்தோணியண்ணன் புத்தகத்துக்குப் போட்டி இருந்தது. காரணம் அவர் எழுதிவைக்கும் சீட்டு.

ஒவ்வொரு புத்தகத்தோடும் கையகலச் சீட்டு ஒன்று போகும். மற்றவர்கள் புத்தகத்தின் பெருமையை எழுதினால் இவர் குறையை மட்டும் எழுதுவார். 'மேல் பின் துரு. பதினோராம் பக்கம் மூலை மடிப்பு. பின் அட்டையில் டீக்கறை, ஒரு ரூபாய் அளவு. முந்தைய சொந்தக்காரர் பெயர் பென்சிலில்.' கடைசியில் கிரேடு, கையெழுத்து, தேதி. வாங்க நினைத்தவனை விரட்டியடிக்கவே எழுதியது போலிருக்கும். ஆனால் சீட்டில் இல்லாத குறை புத்தகத்தில் இருக்காது. அதற்காகவே வாங்கினார்கள். ஒரு சென்னை வியாபாரி நூறு வெற்றுச் சீட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டு ஆளனுப்பினான். "பாத்தவன்தான் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் பார்க்கப் பார்க்க அந்த மார்க்கெட் ஏறி இறங்கியது. ஊட்டி மார்க்கெட்டுப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியதெல்லாம் வாட்ஸப் குரூப் வந்ததும் தங்கமானது. கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்களுக்குச் சின்ன வயது ஞாபகம் வந்து, எனக்கு தினமும் பார்சல் கட்டு வந்தது. அப்புறம் பழைய கதைகளையே வழவழ தாளில் கலரில் திரும்ப அச்சடித்தார்கள். கதை வேண்டியவர்கள் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நின்றவர்களுக்குக் கதை வேண்டாம், படிக்கவும் வேண்டாம். பெட்டிக்குள் சீல் வைத்த நம்பர் வேண்டும். எனக்கு இந்தப் படப் புத்தகப் பைத்தியமே புரிந்ததில்லை, பெட்டிக்குள் பூட்டிவைக்கும் பைத்தியம் அதிலும் புரியவில்லை.

நடுவில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடமாக அண்ணன் எழுதும் விலாசத்தின் வரிகள் சாய ஆரம்பித்தன. பின்கோடு தாளை விட்டு வெளியே போயிற்று. ஒருநாள் கவுண்டர் ஓரத்தில் வைத்த சில்லறையை எடுக்காமலே திரும்பினார். நேரே இருப்பதைப் பார்த்தார், ஓரத்தில் இருப்பது அவருக்கு இல்லை. கண்ணில் பிரஷர் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னதும், போன பார்வை வராது என்று சொன்னதும் எனக்குப் பின்னால்தான் தெரியும். வீட்டில்கூட அவர் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன்? அவர் போனதும் விலாசத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவில் திருத்தமாக எழுதி அனுப்பினேன். நல்ல காரியம் செய்கிற நினைப்புத்தான் எனக்கு.

பார்சல் திரும்பி வந்த இரண்டாவது சனிக்கிழமை பாலசுப்பிரமணியமே பஸ் ஏறி வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், மில் ஒன்றில் கணக்கெழுதுபவர். கையில் ஊட்டி வர்க்கிப் பொட்டலம். பார்சலைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, போன் பண்ணினால் அக்காதான் எடுக்கிறார், குரூப்பில் ஆளாளுக்கு ஏதேதோ பேசுகிறார்கள், நேரிலேயே கேட்டுவிடலாம் என்று வந்தேன் என்றார். சனிக்கிழமை ஆபீசை அடைத்துவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா அவரைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, பாலு வந்திருக்கான், டீயைப் போடு என்று சந்தோஷப்பட்டார். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அக்கா அதை உரித்து, உப்பும் மிளகும் தூவி, வர்க்கியோடு தட்டில் வைத்தார். மழை, கேரட் விலை, காட்டெருமை தோட்டத்து லைன் வீடுகளுக்குள் இறங்கியது என்று பேச்சு போயிற்று. சாப்பிட்டு முடித்துத்தான் பாலசுப்பிரமணியம் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தப் பார்சல் கெடச்சுதுங்ளாண்ணா?"

"எந்தப் பார்சலு?"

அக்கா எழுந்து போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். துடைத்த புத்தகம் என்று கம்பெனிக்காரன் சொல்வதை பாலசுப்பிரமணியம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் சீட்டில் இல்லாத குறை என் புத்தகத்தில் இருக்காது, அப்படி இருந்தால் அது கோயமுத்தூரில் வந்ததாக இருக்கும் என்றார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். வெளியே மேகம் இறங்கி வெளிச்சமே இல்லை. முதுகில் விரலை ஓட்டினார். இரண்டு பின்னையும் தடவினார். பக்கங்களைக் கட்டைவிரலால் எண்ணினார். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். அவர் சீட்டு எழுதும்போது செய்கிற முறை அதுதான். கடைசியில் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என்ன குறை? சால்வை ரத்தமாட்டம் சிவப்பா இருக்குது. நான் குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் அந்த வெளுத்த சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தகரக் கூரையில் மழை அடித்தது. பாலசுப்பிரமணியம் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். எதற்காக பஸ் ஏறி வந்தாரோ அதை அந்த மனிதர் அங்கேயே விட்டுவிட்டார்.

"ஆமாங்ண்ணா. நான்தான் சரியாப் பாக்கல. கம்பெனிக்காரன் எதையோ மாத்தி எழுதிட்டான்."

அண்ணன் புத்தகத்தைத் தாழ்த்தினார். அவர் ஒன்றும் மண்டு இல்லை.

"இருவது வருசமா எங்கிட்ட வாங்கற பாலு. ஒரு மூலை மடிப்புக்கு ஒம்பது நாள் சண்டை போடறவன் நீ. இன்னைக்கு ஒரே பேச்சுல ஒத்துக்கறயே" என்றார். பிறகு குரல் வந்த பக்கம் இல்லாமல் அக்கா நின்ற பக்கம் திரும்பினார். "ஜெஸிந்தா, நீ சொல்லு. இது என்ன கலரு?"

"வெளுத்துப் போச்சுங்க."

"யாரு வெளுத்தது?"

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேக்டரியில் மேஸ்திரி முன்னால் நின்று சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நாந்தானுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால சேலத்துக்காரரு ஒருத்தரு, பின் அட்டையில மைக்கறை இருக்குது, சீட்டுல இல்லையேன்னு எழுதியிருந்தாரு. அந்தக் கார்டை உங்ககிட்ட நான் காட்டல. அப்ப இருந்து நீங்க சீட்டு எழுதி வெச்சதுக்கப்புறம் ஒருக்கா எடுத்துப் பாப்பேன். உங்க கண்ணுக்குத் தப்புனது எங்கண்ணுல பட்டா, பஞ்சுல தைலத்தைத் தொட்டுத் துடைச்சுருவேன். லிஜி யூனிபாரத்துல மை கொட்டுனா அதுலதானுங்களே போகும். கறையும் போச்சு. கலரும் சேந்து போகும்னு எனக்குத் தெரியல. மெல்ல மெல்லத்தான் வெளுத்திருக்குது."

"சீட்டைத் திருத்தச் சொல்லியிருக்கலாமல்ல."

"திருத்தச் சொன்னா நீங்க நிறுத்தியிருப்பீங்க. சீட்டுல நீங்க எழுதுனது பொய்யாகக் கூடாதுன்னு புக்கை மாத்துனேங்க."

அண்ணன், கண்ணைப் பற்றி உனக்கு எப்போது தெரியும் என்று கேட்கவில்லை. அதற்கு இனி என்ன இருக்கிறது? எத்தனை புத்தகம் என்று மட்டும் கேட்டார். முப்பத்தி நாலு என்றார் அக்கா, யோசிக்காமல். தினமும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பவருக்குத்தான் அப்படி வாயில் நிற்கும். வீடு முழுக்க இருந்த அந்தத் தைல வாசனையை அண்ணன் அப்போதுதான் முதல்முறையாக முகர்வது போல மூச்சை இழுத்தார். உனக்கு மூட்டுவலின்னு நினைச்சேன் என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நான் மேலே ஒட்டிய வெள்ளைத் தாள்களும் ஒரு முப்பது நாற்பது இருக்கும். வாயைத் திறந்து நானும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அன்றைக்கே பாலசுப்பிரமணியத்தின் போனில் குரூப்புக்கு ஒரு செய்தி போயிற்று. அண்ணன் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தின ஈஸ்டருக்குப் பிறகு என் சீட்டோடு வாங்கிய புத்தகங்களை அனுப்பிவிடுங்கள், பணம் திருப்பித் தருகிறேன், எனக்குக் கண் தெரியவில்லை, அதை மறைத்தது என் தப்பு. அக்கா பெயரை அவர் சொல்லவில்லை. பாலசுப்பிரமணியம் அந்த வரிகளைத் தட்டும்போது இரண்டு முறை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா கையைப் பிடித்துக் கூட்டிவருவார். பார்சல் வந்திருக்கிறதா என்று அண்ணன் கேட்பார். சண்டை போட்டாவது, திட்டி எழுதியாவது முப்பத்தி நாலும் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது ஒன்பது. மற்றவர்களில் சிலர் ஏற்கெனவே கைமாற்றிவிட்டார்கள். சிலர் பரவாயில்லை சார், இப்போதுதான் கலரில் புதுசு வந்துவிட்டதே, இதற்காகத் தபால் செலவு எதற்கு என்று எழுதினார்கள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை என்பதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது. ஐப்பசியில் ஆள் பாதியாகிவிட்டார். பீரோவில் பல்பு பியூஸ் போனதை அக்கா சொல்லியும் மாற்றச் சொல்லவில்லையாம்.

கார்த்திகையில் பாலசுப்பிரமணியத்திடமிருந்து கார்டு வந்தது. சாம்பல் நரியை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், சீல் வைக்க அல்ல, படிக்க, சீட்டோடு அனுப்பவும் என்று எழுதியிருந்தார். அவர்களுக்கு நான்தான் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினேன். 'சீட்டோடு' என்ற வார்த்தையை அண்ணன் திரும்பப் படிக்கச் சொன்னார்.

அடுத்த வியாழன் மழை விட்டு வெயில் சுளீரென்று அடித்தது. இருவரும் புத்தகத்தோடு வந்தார்கள். அண்ணன் என் கவுண்டரில் சீட்டை வைத்து, இடது கை விரலை வரிக்கு அணைகொடுத்து எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் நின்று அக்கா குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மேல் பின் துரு. ஏழாம் பக்கம் சின்னக் கிழிசல். முன் அட்டை. அங்கே அக்காவின் குரல் நின்றது. சொல்லு என்றார் அண்ணன். முன் அட்டை தைலம் போட்டுத் துடைத்தது, சிவப்பு போய்விட்டது என்று அக்கா சொன்னார். அண்ணன் எழுதி முடித்துச் சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"போஸ்ட்மாஸ்டர், எழுத்து நேரா இருக்குதுங்களா?"

அணைகொடுத்த விரல் நகரவே இல்லை. நாலு வரியும் ஒரே இடத்தில் விழுந்து, கறுப்பாக ஒரு கிறுக்கல்தான் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன சொல்லியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மேஜை இழுப்பறையில் வெள்ளைத் தாளும் பசையும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தன.

"இல்லைங்கண்ணா. ஒன்னு மேல ஒன்னு ஏறியிருக்கு. படிக்க முடியல" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் தலையாட்டினார். கோபமில்லை. கொஞ்சநேரம் கவுண்டர் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை அக்கா பக்கம் நீட்டினார்.

"நீ எழுது."

அக்கா எழுதினார். ரேஷன் கடையிலும் பாங்கியிலும் பேர் எழுதியதைத் தவிர பேனா பிடித்தவர் அல்ல. எழுத்துகள் பெரிதும் சின்னதுமாக விழுந்தன. நாலு வரிக்கு கால் மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்து, கையெழுத்துப் போடுங்க என்று சீட்டை அவர் விரலுக்கடியில் வைத்தார். அண்ணன் அதைத் திருப்பித் தள்ளினார்.

"நீ போடு."

"நான் எதுக்குங்க? எல்லாரும் உங்க பேரைத்தானே கேப்பாங்க."

"நான் பாக்கல ஜெஸிந்தா. பாத்தது நீ."

அக்கா குனிந்து, கீழே தன் பெயரைப் போட்டார். தேதியும் போட்டார். அப்போதுதான் அழுதார். அண்ணன் பெஞ்சுக்கு வழி தடவிப் போய், வெயில் விழுந்த பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். நான் சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்துப் பார்சலைக் கட்டி, விலாசத்தை நானே எழுதி, எடை பார்த்தேன். நூற்று நாற்பது கிராம் இருந்தது.